ஹெட்மாஸ்டருக்கு என்ன கோளாறு

காலைக் கொஞ்சம் நகத்திக்குங்க சார், பக்கெட் இடிக்குது. பெயிண்ட் இல்ல, பேண்ட்ல ஒட்டிடுமோன்னு பயப்படாதீங்க. பக்கெட்தான் பெயிண்ட் பக்கெட். உள்ளே மீன் இருக்கு.

குழம்பு மீன் இல்ல சார். கண்டக்டரும் அதையேதான் கேட்டாரு, வஞ்சிரமான்னு. இது வளர்க்கிற மீன். கண்ணாடித் தொட்டியில விட்டு ஹால்ல வைப்பாங்களே, அது. ஃப்ளவர்ஹார்ன்னு பேரு. வாஸ்து மீன்னும் சொல்லுவாங்க. அந்தப் பேரைச் சொல்லித்தான் கடைக்காரன் என் தலையில கட்டினான்.

உங்களுக்குச் சிரமம் இல்லன்னா நீங்க இந்தப் பக்கம் வர்றீங்களா? வெயில் நேரா மூடி மேல விழுது. தண்ணி ஒரேயடியா சூடேறினா இதுக்கு ஆகாது. மெதுவா ஏறலாம், தப்பில்ல. சட்டுன்னு ஏறக் கூடாது. ரொம்ப தேங்க்ஸ் சார்.

எனக்கு இது மேல பாசம் கீசம் ஒண்ணும் கிடையாது. செத்தா சாவட்டும். ஆனா திருப்பிக் கொடுக்கப் போறப்ப உசுரோட கொடுக்கணும்ல? வாங்கின பொருளை உடைச்சு எடுத்துட்டுப் போய் நின்னா எவன் மதிப்பான்? கொளத்தூர்ல வரிசையா மீன் கடை இருக்கு பாருங்க, அங்க டில்லிபாபுன்னு ஒருத்தன். அவன்கிட்டதான் போறேன்.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சார். வண்ணாரப்பேட்டையில இறங்கி ஃப்ரிட்ஜ் மாசிலாமணின்னு கேட்டா யாரா இருந்தாலும் வீட்டைக் காட்டுவாங்க. நான் போட்ட கம்ப்ரஸர் நின்னுபோச்சுன்னு ஒரு போன் வந்தா, சாப்பிட்டுக்கிட்டிருந்தாலும் கையைக் கழுவிட்டுப் போய் நிப்பேன். 'நான் போட்டப்ப நல்லாத்தான் ஓடுச்சு'ன்னு ஒரு நாள் சொன்னதில்ல. சொன்ன வேலையைப் பொருள் செய்யலன்னா, கொடுத்தவன்தான் பதில் சொல்லணும். நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

இந்த மீன் சொன்ன வேலையைச் செய்யல. அதான் விஷயம்.

எனக்கு ஒரே பொண்ணு. வினோதினி. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சர். கல்யாணத்துக்குப் பார்த்துக்கிட்டிருந்தோம். கால் வீங்குதுன்னா. நின்னுக்கிட்டே கிளாஸ் எடுக்கிறா, அதனாலன்னு நினைச்சோம். அப்புறம் முகமும் வீங்குச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா, ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். என்னுதை எடுத்துக்குங்கன்னு சட்டையைக் கழட்டாத குறையா நின்னேன். சேராதுன்னுட்டாங்க. என் சம்சாரம் மரகதத்துக்குச் சர்க்கரை இருக்கு, அவளுதும் கூடாது. பேரைப் பதிஞ்சுட்டுக் காத்திருங்கன்னாங்க. காத்திருக்கிற பழக்கமே எனக்கு இல்ல சார். ஒரு பார்ட் கிடைக்கலன்னா ஊரையே சலிச்சாவது அன்னைக்கே கொண்டாந்து மாட்டிடுவேன்.

அந்த நேரத்துலதான் ஒரு வீட்டுல வாஷிங் மெஷின் பார்க்கப் போனேன். ஹால்ல பெரிய தொட்டி, காலியா இருக்கு. என்னம்மா இதுன்னு சும்மாத்தான் கேட்டேன். அந்த அம்மா சொல்றாங்க, "எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவருங்க. வண்டி லாரிக்கு அடியில போயிடுச்சு, இவரு ஒரு சிராய்ப்புகூட இல்லாம எழுந்து வர்றாரு. வீட்டுக்கு வந்து பார்த்தா மீன் செத்து மிதக்குது. அவருக்கு வந்த கண்டத்தை அது எடுத்துக்கிச்சு."

மறுநாளே டில்லிபாபு கடைக்குப் போனேன். சுத்தி வளைக்காம நேராக் கேட்டேன். வீட்டுல ஒருத்தருக்கு வந்ததை இது எடுத்துக்குமாப்பா? "நம்பி வாங்கிட்டுப் போங்கண்ணே, உங்க வீட்டுல யாருக்கு என்ன வந்தாலும் இது தன் மேல வாங்கிக்கும்"னான். அவன் வாயால சொன்ன வார்த்தை. நானா எதையும் இட்டுக்கட்டிச் சொல்லல.

ஆக, இதை நான் அழகுக்கு வாங்கல. அதுக்குன்னேதான் வாங்கினேன்.

வீட்டுல யார்கிட்டயும் அதைச் சொல்லல. வினோவுக்குப் பொழுது போகட்டும்னு வாங்கினேன்னு சொல்லிட்டேன். தொட்டியில விட்டதும் அவ சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இதுக்கு நெத்தியில இவ்ளோ பெருசா ஒரு புடைப்பு இருக்கும். "அப்பா, அப்படியே எங்க ஹெட்மாஸ்டர் நெத்திப்பா"ன்னா. அன்னையிலேர்ந்து ஹெட்மாஸ்டர்தான். காலையில எழுந்து வந்து "குட் மார்னிங் சார்"னு கண்ணாடியில விரலை வைப்பா. இதுவும் மூக்கை வச்சுக்கிட்டு எதிர்ல நிக்கும். அவ விரல் போற பக்கமெல்லாம் போகும். டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா அவளால நிக்க முடியாது. தொட்டி பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அதுலயே உட்கார்ந்திருப்பா. பள்ளிக்கூடத்துல நடந்ததெல்லாம் அதுகிட்ட சொல்லுவா.

வெயில் காலம் முடியற சமயம், மீன் தின்னறதை நிறுத்திடுச்சு. தீனியை வாயில வாங்கும், மென்னு பார்த்துட்டுத் துப்பிடும். எனக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு தெரியுமா? ஆரம்பிச்சுடுச்சுன்னு தோணுச்சு. சந்தோஷம்னே வச்சுக்குங்களேன். தப்பா நினைக்காதீங்க சார், பெத்தவன் யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான்.

ஆனா வினோ விடுவாளா? டில்லிக்குப் போன் போட்டா. அவன் கல்லுப்பு போடச் சொன்னான். போட்டுப் பார்த்தா, ஒண்ணும் ஆகல. நீலமா ஒரு மருந்து கொடுத்தனுப்பினான். ஊத்தினதும் தொட்டியே இங்க் பாட்டில் மாதிரி ஆயிடுச்சு, மீன் எங்க இருக்குன்னே தெரியல. அதுவும் கேக்கல. நான் என் பங்குக்கு ஃபில்டர் மோட்டாரைக் கழட்டிப் பார்த்துட்டு, கோளாறு ஒண்ணும் இல்லன்னேன். "மோட்டாருக்கு இல்லப்பா, மீனுக்கு"ன்னா.

அப்புறம் அவளே கவனிக்க ஆரம்பிச்சா. நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, அது எந்தப் பக்கம் சாயுது, எப்ப மூச்சு வாங்குதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பா. அது வெளிக்குப் போறது வெள்ளையா நூல் மாதிரி தொங்குதுன்னு கண்டுபிடிச்சது அவதான். பின்னாலயே நெத்தியில குண்டூசியால குத்தின மாதிரி சின்னச் சின்ன ஓட்டை. போன்ல எந்தெந்த ஊர்க்காரனோ போட்ட வீடியோ எல்லாம் பார்த்தா. ஒரு நாள் டயாலிசிஸ் நடந்துக்கிட்டிருக்கறப்பவே எனக்குப் போன். என்னமோ ஏதோன்னு பதறிப் போய் எடுக்கிறேன். "அப்பா, கண்டுபிடிச்சுட்டேன். வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிப்பா. தின்ன சத்தை எல்லாம் அது எடுத்துக்குது. அதான் மண்டையில ஓட்டை விழுது"ன்னு மூச்சு வாங்கச் சொல்றா. அந்தப் பக்கம் நர்ஸம்மா, பேசாம படும்மான்னு அதட்டுறது கேக்குது.

மருந்து என்ன தெரியுமா சார்? நமக்கு வயித்துப்போக்குன்னா கசப்பா ஒரு மாத்திரை கொடுப்பாங்களே, அதேதான். அவளுக்கு எழுதிக் கொடுத்ததுல மிச்சம் வீட்டுலயே கிடந்துச்சு. அதைப் பொடி பண்ணித் தீனியில ஊற வைக்கணும். கசப்புக்குத் துப்பிடும்னு பூண்டுச் சாறு கலக்கணும். "மனுஷங்களுக்கு ரசம் வைக்கப் பூண்டைக் காணோம், இங்க மீனுக்குப் பத்திய சமையல்"னு மரகதம் முனகிக்கிட்டே இடிச்சுக் கொடுப்பா. தண்ணியை ஹீட்டர் போட்டு வெதுவெதுன்னு வைக்கணும். ஆயுசு முழுக்கக் குளிர வைக்கிற வேலை பார்த்தவன் நான், சூடு பண்றதை அப்பத்தான் கத்துக்கிட்டேன். பாதித் தண்ணியை எடுத்துட்டுப் புதுத் தண்ணி ஊத்தணும், அதுவும் என் வேலைதான். "எனக்கும் ஹெட்மாஸ்டருக்கும் ஒரே வைத்தியம்பா. கெட்டதை எடுத்துட்டு நல்லதை ஊத்தறது"ன்னு சிரிப்பா. எனக்குச் சிரிப்பு வரல.

மீன் கொஞ்சம் தேறுச்சு. தேறிடுச்சேன்னு மாத்திரையை நிறுத்தினா, திரும்ப நூல் மாதிரி தொங்குது, திரும்ப ஓட்டை. விடாக்கண்டன் வியாதி சார் அது. டில்லிகிட்ட சொன்னா, "இது லேசுல போகாதுண்ணே, தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க"ன்னான். வினோகிட்ட வந்து அப்படியே சொன்னேன். "என்னையும் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு எடுத்துட்டு வருவீங்களா?"ன்னு கேட்டா. விளையாட்டாத்தான் கேட்டா. இருந்தாலும் கேக்கலாமா அப்படி?

மூலக்கடை வந்துடுச்சா? இங்க எப்பவுமே நெரிசல்தான். ஒரு நிமிஷம் இருங்க, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி விடறேன். பேட்டரி மோட்டார் ஓடுது, இருந்தாலும் காத்து போகட்டும்.

ஆடி மாசம் அவளுக்குக் குளிர் ஜுரம் வந்துடுச்சு. டயாலிசிஸுக்குக் குழாய் போட்ட இடத்துல சீழ் பிடிச்சிருக்குன்னு அட்மிட் பண்ணிட்டாங்க. நடுக்கத்துல பல்லு அடிச்சுக்குது, அப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மாத்திரையை மறந்துடாதீங்கப்பா. இந்தத் தடவை முழுசாக் கொடுக்கணும், நடுவுல விட்டா பூச்சி இன்னும் வீம்பா வரும்"ங்கிறா. சரின்னேன். கொடுத்தேன் சார், கொடுக்கலன்னு சொல்லாதீங்க. கொடுக்கக் கொடுக்க மீன் தேறுது. இங்க அவளுக்கு ஜுரம் ஏறுது. ஒரு நாள் நானும் மரகதமும் ஆஸ்பத்திரியிலேயே தங்கிட்டோம், மீனுக்கு மருந்து கொடுக்க ஆளில்ல. அன்னைக்கு அவளுக்கு ஜுரம் இறங்குது. மறுநாள் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன், இவளுக்குத் திரும்ப உடம்பு சுடுது. நான் மெக்கானிக் சார். ஒரு ஒயரைப் பிடுங்கினா பல்பு அணையுது, மாட்டினா எரியுதுன்னா, எதுக்கும் எதுக்கும் கனெக்‌ஷன்னு எனக்குத் தெரியாதா?

மாத்திரை அட்டையை எடுத்து என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். மரகதம் கேட்டா, கொடுத்துட்டேன்னு சொன்னேன்.

மீன் மூலையில ஒதுங்கிடுச்சு. உடம்பெல்லாம் கறுத்துப் போச்சு. நெத்தியில இருந்த ஓட்டையெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஒரு பட்டாணியை வைக்கலாம் போல ஆயிடுச்சு. அங்க பார்த்தா, வினோவுக்கு ஜுரம் சுத்தமா விட்டுடுச்சு. இட்லி கேட்டு வாங்கித் தின்னா. ரிப்போர்ட் நல்லா இருக்கு, வீட்டுக்குப் போகலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. அன்னைக்கு நான் தொட்டி முன்னால நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன் சார். ஹெட்மாஸ்டரே, இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்குங்கன்னேன். ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் பொண்ணு. எந்த அப்பன் எதைப் பார்ப்பான்? நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

வீட்டுக்கு வந்தவ செருப்பைக் கூட கழட்டல, நேரா தொட்டிகிட்ட போய் நின்னா. விரலை வச்சா. அது வரல. ரொம்ப நேரம் விரலை எடுக்காம நின்னா.

அன்னைக்கே மரகதம் என் சட்டையைத் துவைக்க எடுத்தா. அட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு ஹாலுக்கு வந்து, "ஏங்க, உங்களுக்கு வயித்துக்கு என்ன? சொல்லவே இல்லையே"ன்னு கேக்கிறா. பாவம், அவளுக்கு என்ன தெரியும். வினோ அதை வாங்கிப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். லாரிக்கு அடியில போன ஆளு, டில்லி கொடுத்த வார்த்தை, மாத்திரையை நிறுத்தினதும் ஜுரம் இறங்கினது, எல்லாம் சொன்னேன். படிச்ச பொண்ணு, பிடிபிடின்னு பிடிக்கப் போறான்னு நினைச்சேன். பிடிக்கல. நாற்காலியில உட்கார்ந்துட்டு மெதுவாக் கேட்டா.

"நான் தேறிட்டேனாப்பா?"

"தேறிட்டம்மா. ஜுரம் இல்ல, சாப்பிடறே, டாக்டரே சொல்லிட்டாரே."

"அப்ப இதோட வேலை முடிஞ்சுது. இனிமே இதுக்கு மருந்து கொடுக்கலாம்ல?"

என்ன சார் பதில் சொல்லுவீங்க இதுக்கு? இல்லன்னு சொன்னா, நீ தேறலன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. நான் உள்ளே போய்ப் பூண்டை எடுத்து உரிச்சேன்.

அந்தத் தடவை ஒரு வேளை விடாம கொடுத்தா. நான் தீனியை ஊற வச்சுக் கொடுப்பேன், அவ அதை விரல் நுனியில வச்சுத் தண்ணிக்குள்ள நீட்டுவா. மீன் வரும், மோந்து பார்க்கும், போயிடும். அவ கையை எடுக்க மாட்டா. தோள் வலிக்குதும்மா, எடுத்துடுன்னா, "இருங்கப்பா, யோசிக்கிறாரு"ம்பா. நான் பக்கத்துல நின்னு மனசுக்குள்ள, துப்பு, துப்புன்னு சொல்லிக்கிட்டிருப்பேன். ஒரு நாள் முழுங்கிடுச்சு. அவ என் பக்கம் திரும்பின அந்த முகம் இருக்கே, பரீட்சையில பசங்க பாஸ் ஆனப்பகூட அப்படி இருந்ததில்ல. கொஞ்ச நாள்ல நூல் நின்னுடுச்சு. நிறம் திரும்பிடுச்சு. மூலையை விட்டு வெளியே வந்து அவ விரலுக்குப் பின்னால சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

ஐப்பசி மழையில அவளுக்குத் திரும்ப ஜுரம் வந்துடுச்சு. தெருவெல்லாம் தண்ணி, ஆட்டோ உள்ளே வரமாட்டேங்குது. மரகதம் பையில துணியை அடைக்கிறா. நான் வாசலுக்கும் ஹாலுக்குமா நடக்கிறேன். இவ போர்வையைச் சுத்திக்கிட்டு அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கா. "இங்க வந்து பாருங்கப்பா, ஓட்டையெல்லாம் மூடிக்கிட்டு வருது"ன்னா. நான் போகல. அப்பவும் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே சொல்றா, "நல்லதுதான்பா. ரெண்டு பேர்ல ஒருத்தராவது தேறட்டும்."

எனக்கு வந்துச்சே கோவம். வாயைக் கழுவுன்னேன். ஆட்டோ வந்துடுச்சு.

திரும்பி வரல சார் அவ.

அவ சொன்னதையேதான் நானும் வேண்டிக்கிட்டிருந்தேன் சார். அதான் எனக்குத் தாங்கல. கோயிலுக்குப் போனா, ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்தா, வண்டி ஓட்டறப்ப, எந்நேரமும் அதே வேண்டுதல்தான். ரெண்டுல ஒண்ணாவது தேறட்டும்னுதான் வேண்டிக்கிட்டேன். அச்சு அசலா அதே வார்த்தை. யாருக்குன்னு பேர் சொல்லி வேண்டியிருக்கணுமோ என்னமோ.

அவளை எடுத்துட்டுப் போய்ட்டு வந்து உட்கார்ந்தா, வீடு நிறைய ஜனம். எல்லாரும் அழுது ஓஞ்சு கொஞ்சம் அமைதியானப்ப, கண்ணாடியில டொக்கு டொக்குன்னு சத்தம். இதுதான். பசிக்குதாம். யாருக்கும் ஒண்ணும் புரியாம ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறாங்க. மரகதம் எழுந்து போனா. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுத கையாலேயே தீனியை எடுத்துப் போட்டா. நான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எல்லாத்தையும் தின்னுச்சு சார். ஒண்ணைக்கூடத் துப்பல.

நாற்காலியைத் தூக்கி மாடியில போட்டுட்டேன். இருந்தும் அந்தப் பக்கமாத்தான் வந்து நிக்குது. நான் கிட்ட போனா, நெத்தியைத் தூக்கிக்கிட்டு என் முன்னால வந்து வாலை ஆட்டுது. என்ன திமிர் பாருங்க. நான் யாரு, எதுக்கு உன்னை வாங்கினேன், ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து நிக்கிறியேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆனா அழுக்குத் தண்ணியில போட்டு வைக்க முடியுமா? வியாதி திரும்ப வந்துடும். அதனால தண்ணியை மட்டும் நான் மாத்திடறேன். பூண்டும் நான்தான் இடிக்கிறேன், மரகதத்துக்குக் கை வர மாட்டேங்குது. திருப்பிக் கொடுத்துடலாம்னா அவ ஒத்துக்க மாட்டேங்குறா. மார்க்கெட்டுக்குப் போயிருக்கா இப்ப. அதான் எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்.

பார்க்கறீங்களா? இதோ. நெத்தியில தெரியுது பாருங்க, அந்தத் தழும்பு மட்டும்தான் மிச்சம். கையை உள்ளே விடாதீங்க சார், தண்ணி கெட்டுடும். மேல சும்மா விரலைக் காட்டுங்க. வருதா? வரும். யார் காட்டினாலும் வருது. அவ விரலுக்கு மட்டும்தான் வரும்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

கொளத்தூரா? ஆமா சார், இங்கதான் இறங்கணும். தெரியும், தெரியும். இருக்கட்டும், வண்டி போகட்டும்.

போன வாரமும் வந்தேன். கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். சண்டை போட எல்லாத்தையும் மனசுல அடுக்கி வச்சிருந்தேன். டில்லிபாபு எழுந்து வந்தான். மூடியைத் திறந்து, குனிஞ்சு பார்த்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அட, பிழைச்சுக்கிச்சே. நல்லா ஜம்முன்னு இருக்கேண்ணே, என்ன கோளாறு?"ன்னான்.

நானும் எந்த வீட்டு வாசப்படி ஏறினாலும் முதல்ல கேக்கறது அதைத்தான். என்ன கோளாறு? அவங்க சொன்னாத்தானே நான் பெட்டியைத் திறக்க முடியும்? பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்ல ஏறிட்டேன். இன்னைக்கும் கேப்பான் சார். நீங்க சொல்லுங்க, நான் என்னன்னு சொல்றது? உசுரோட இருக்குன்னா?